பக்கத்து வீட்டுக்காரிக்கு

உன் ஊதாப் பட்டுப்புடவை என் கடை மேசையில் கிடக்கிறது. பையைப் பிரித்ததுமே உன் சென்ட் வாசனை குப்பென்று அடித்தது. செத்துப் பத்து நாளாகியும் உன் அலட்டல் குறையவில்லை. கொண்டுவந்தவர் உன் புருஷன்.

"காரியத்துக்குப் படம் வேணும்மா. அவ போன்ல இருக்கிறது எல்லாத்துலயும் ஃபில்டர் போட்டிருக்கா. எங்கம்மாவுக்கே அடையாளம் தெரியல. நீ இதக் கட்டிக்கிட்டு ஸ்டூடியோவுக்கு வந்தா, ஒரே ஒரு போட்டோ..." என்று இழுத்தார்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஃபில்டர் எதற்கென்று அந்த மனுஷனுக்குத் தெரியாது. உன்னிடமிருந்து என் ஜாடையை அழிக்கத்தான்.

சின்ன வயதில் பெங்களூர் மர்பி டவுனில் இருந்தபோது நம் இருவருக்கும் ஒரே துணியில்தான் சட்டை. "ஒருத்திய அளந்தா போதும்" என்பார் டெய்லர். உனக்குக் கூச்சம், நெளிவாய். அதனால் எப்போதும் நான்தான் நிற்பேன். சட்டை உனக்குத் தோளில் தொங்கும். "எல்லாம் உன் அளவு. எனக்குன்னு என்னடி இருக்கு?" என்று ஒருநாள் கத்தினாய். நீ கேட்டது நியாயம்தான். பிறகு முடியை நேராக்கினாய், மூக்குத்தியைக் கழற்றினாய், கல்யாணமாகி ஒயிட்ஃபீல்டு அபார்ட்மெண்டுக்குப் போனாய். நானும் சிவாஜிநகரில் பிளவுஸ் துணிக் கடை போட்டு, என் பாட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை? ஆபீஸ் தோழிகள் உன்னை என் கடைக்கே இழுத்து வந்துவிட்டார்கள். "யாருப்பா இது, உன்ன மாதிரியே இருக்காங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க பக்கத்து வீட்டுப் பொண்ணு" என்றாய். அந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இந்தப் பொய்! உருப்படியாக ஒரு பொய் சொல்லக்கூட உனக்குத் துப்பில்லை.

"ஆமா மேடம், பக்கத்து வீடுதான். ஒம்போது மாசம் நடுவுல சுவரே இல்ல" என்றேன். அவர்கள் சிரித்தார்கள். நீ தரையைப் பார்த்தாய். அதற்குப் பிறகு நான்கு வருடம் நீ வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நீ போய்விட்டதும் எனக்கு ஒரே போனில்தான் தெரிந்தன.

உன் புருஷனிடம் சொல்லிவிட்டேன்: "மாமா, இந்த மூஞ்சி வேணாம்னுதான் அவ ஓடினா. இப்ப நான் கொடுத்தா அவளுக்கே பிடிக்காது. ஃபில்டர் போட்டதையே மாட்டுங்க. அவ ஆசப்பட்டது அதுதான்." அவர் புடவையை எடுக்கவும் மறந்து போய்விட்டார்.

செத்துப்போனதால் நீ நல்லவளாகிவிடவில்லை. உன்மேல் எனக்கு இன்னமும் இளக்காரம்தான். ஆனால் இன்று காலை தலை வாரும்போது காதோரம் முதல் நரையைப் பார்த்தேன். இனி கன்னம் தொங்கும், கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழும். கிழவியானால் நீ எப்படி இருந்திருப்பாய் என்று உன் புருஷனுக்குத் தெரியப்போவதில்லை, உனக்கும் தெரியாது. நான்தான் தினமும் பார்த்தாக வேண்டும், முட்டாளே.