தானாக ஓடட்டும்

ஏப்ரல் 8, செவ்வாய்

தம்பி இன்று எங்கள் லாண்டரியில் மெஷின்களைத் தானாக நிறுத்தும் பெட்டி ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். அவன் கம்பெனி அவனைத் தனியாக நம்பி அனுப்பிய முதல் வேலை. சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டு வந்திருந்தான். தேய்க்கிற இடத்துக்கே தேய்ச்சுட்டு வர்றியேடா என்றேன். சிரித்தான்.

சாயங்காலம் ஊர் முழுக்க விளக்கும் ஏசியும் போடும் நேரத்தில் மின்சாரம் போதாமல் போகிறது. இதுவரை மின்சார அலுவலகத்திலிருந்து போனில் கூப்பிட்டு, "கொஞ்ச நேரம் பெரிய மெஷினை நிறுத்துங்க மேடம்" என்று கெஞ்சுவார்கள். முடிந்தால் நிறுத்துவோம். முடியாவிட்டால் போன் காதில் விழாத மாதிரி இருந்துவிடுவோம். இனிமேல் கெஞ்சல் கிடையாது. அங்கிருந்து சிக்னல் வந்ததும் பெட்டியே விரிப்புகளைத் தேய்க்கும் சூட்டு உருளைகளையும் உலர்த்திகளையும் நிறுத்திவிடும். முதலாளிக்குக் கட்டணத்தில் சலுகை.

"யாரும் ஒரு சுவிட்சைத் தொட வேணாம்க்கா."

முதலாளி அவனுக்குக் கை கொடுத்தார். "உன் தம்பி கெட்டிக்காரன்" என்றார் என்னிடம். பெருமையாகத்தான் இருந்தது. இங்கே எழுத என்ன வெட்கம்?

ஏப்ரல் 15, செவ்வாய்

முதல் சிக்னல். எல்லா உருளையும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதியில் ரேடியோவின் குரல் மட்டும் கூடத்தின் கடைசிவரை கேட்டது. மூன்றாம் உருளையில் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தேய்ப்பவள் அவள். வாய் ஓயாததால் அந்தப் பெயர், அவளும் அதற்குத்தான் திரும்புவாள்.

"கரண்டு இருக்கு, ஆனா நமக்கு இல்லையாம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டு வாசல்லயே உக்கார வெச்ச மாதிரி."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் விரிப்புகள் காத்திருக்காதே. நின்ற நேரத்தையெல்லாம் ஈடுகட்டிவிட்டுத்தான் கிளம்பினோம். வீட்டுக்கு வந்தபோது மகள் சாப்பிட்டு, தட்டையும் கழுவி வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். எழுப்பவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

மறுபடியும். சிக்னல் முடிந்ததும் ஒவ்வொரு உருளைக்கும் நடந்து போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடுகிறது. மேற்பார்வை என்பதால் அது என் வேலை. கூடத்தைச் சுற்றி வருவதற்குள் முழங்கால் கெஞ்சுகிறது. "எல்லாம் தானா நடக்கும்னான், நீ என்ன பிரதட்சணம் வர்ற?" என்கிறார் முதலாளி.

ஏப்ரல் 20, ஞாயிறு

தம்பி சாப்பிட வந்தான். பொத்தான் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டையே பார்த்தான்.

"அது சும்மா வெக்கல அக்கா. பாதுகாப்புக்கு."

"நின்னா நாங்கதான் ஒதுங்கி உக்காந்துடறோமே. முடியிற நேரமும் என் போன்ல வந்துடுது."

"உங்க முதலாளியும் கேட்டாரு."

"அப்புறம் என்ன? தானா ஓடட்டும்டா."

"ஒரு ஒயரை மாத்தணும். அவ்வளவுதான்."

மாலையே போய் மாற்றிவிட்டான்.

ஏப்ரல் 29, செவ்வாய்

முழங்கால் வலி குறைந்திருக்கிறது.

மே 9, வெள்ளி

எழுத வரவில்லை. ரேடியோவின் கை.

மே 10, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

சிக்னல் வந்து உருளைகள் நின்றிருந்தன. ரேடியோ தன் உருளையில் ஒட்டியிருந்த பிசிறைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் நிற்கிற நேரத்தில்தான் அந்த வேலை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தன் மகன் பள்ளிக்கூடத்தில் செருப்பு மாற்றிப் போட்டு வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே திடீரென்று பெருமழை. ஊர் குளிர்ந்துவிட்டது, மின்சாரம் மிச்சமாகிவிட்டது, சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே சிக்னலை முடித்துவிட்டார்கள். உருளை ஓட ஆரம்பித்த பிறகுதான் என் போனில் செய்தி வந்தது.

கதை பாதியில் நின்றது. கத்தியது அவள் இல்லை, பக்கத்து உருளைக்காரி. நான் ஓடிப்போய்ச் சிவப்புப் பொத்தானை அடித்தேன். அடித்த பிறகும் சூடு நிற்கவில்லை. சூட்டை எப்படி நிறுத்துவது?

மே 12, திங்கள்

ஆஸ்பத்திரி. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பவை மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். வலது கை.

அவள் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் லாண்டரியின் நீலக் குறி இருந்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கணவர்தான் என்னை வராந்தா வரை வந்து வழியனுப்பினார்.

"நின்ன மெஷின் தானா எப்படி மேடம் ஓடும்?"

விசாரிச்சுச் சொல்றேன் என்றேன். விசாரிக்க வேண்டுமாம் எனக்கு.

மே 14, புதன்

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். "யாரும் சொல்லாம அவளா கையை விட்டா. தொழிற்சாலை ஆய்வாளர் வந்தா அதை மட்டும் சொல்லு." அப்படிச் சொன்னால் தவறு அவளுடையது. நஷ்டஈடும் கிடையாது. இரண்டுமே எங்கள் இருவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் தம்பி நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் வரும்போதே அந்த ஒயர் அப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லிடு அக்கா. பழைய மெஷின். யாரும் தோண்ட மாட்டாங்க."

"அவ கதி?"

"என் கதி? நீ கேட்டதாலதானே அக்கா செஞ்சேன்" என்றான்.

கேட்டேன்தான். மறுக்க என்ன இருக்கிறது? அது பாதுகாப்புக்கு என்றுதான் அவன் முதலில் சொன்னான். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். நான்தான் கேட்காத மாதிரி பேசினேன்.

அவன் போன கொஞ்ச நேரத்தில் அம்மா போன் செய்தாள். அவன் வீட்டில்தானே இருக்கிறாள். "கூடப் பொறந்தவனை விடவா அந்தப் பொண்ணு உனக்குப் பெருசு?"

பெருசு சிறுசு இல்லம்மா. அந்தக் கையை நான் பாத்துட்டேம்மா. இதைச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் தோன்றியது.

மே 19, திங்கள்

விசாரணை. ஆய்வாளர் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். குரல் உயரவே இல்லை.

"பட்டன் இல்லாம ஓடற மாதிரி மாத்துனது யாரு?"

"என் தம்பி."

"யார் சொல்லி?"

"நான் கேட்டேன். முதலாளியும் கேட்டார்."

"அந்தப் பெண் அனுமதி இல்லாம கை வெச்சாங்களா?"

"இல்ல மேடம். நிக்கிற நேரத்துல அப்படித்தான் சுத்தம் பண்ணுவோம். எனக்குத் தெரியும். நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 30, திங்கள்

தம்பியின் மின்பணி உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். வேலையும் போயிற்று. ரேடியோவுக்கு நஷ்டஈடு உண்டு என்று தீர்ப்பு. முதலாளி என்னை மேற்பார்வையிலிருந்து எடுத்து, அழுக்குத் துணி பிரிக்கும் இடத்தில் போட்டுவிட்டார். வேலையை விட்டு நிறுத்தினால் கேள்வி வரும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். பெட்டி மட்டும் அதே சுவரில் இருக்கிறது. வேறு யாரோ வந்து ஒயரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

சரியானதைத்தான் செய்தேன். செஞ்சேன்ல? அப்புறம் ஏன் ஒரு வாய் உள்ள இறங்க மாட்டேங்குது—

ஜூலை 22, செவ்வாய்

அம்மா இன்றும் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ரேடியோ வீட்டுக்குப் போயிருந்தேன். முன்பு மாதிரி இல்லாவிட்டாலும் பேசுகிறாள். இடது கையால் தேநீர் ஊற்றினாள், பாதி தட்டில் சிந்தியது. உதவ எழுந்தேன். "உக்காருங்கக்கா, சிந்துனாத்தான் பழகும்" என்றாள்.

பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்க தம்பி வர்ற நேரம்."

எனக்குப் புரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை அவருதான் கைப்பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறாரு. எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கு வேலை. முதல்ல வந்தப்போ கதவைச் சாத்துனேன். அடுத்த வாரமும் வந்து நின்னாரு. உங்களப் பத்தி ஒண்ணும் பேச மாட்டாரு. நானும் கேக்கறதில்ல."

நான் கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் பைக் சத்தம் வந்துவிட்டது. வாசலில் என் செருப்பைப் பார்த்திருப்பான். உள்ளே வரவில்லை.

மெலிந்திருந்தான். ரேடியோவை மட்டும் பார்த்து, "போலாமா?" என்றான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தூறல் என்று போர்த்தியிருந்த சால்வையின் முனை சக்கரத்தின் பக்கம் தொங்கியது. நான் குனிந்து அதை எடுத்து அவள் மடிக்கடியில் செருகினேன். ஒரு தடவை நழுவியது. மறுபடி செருகினேன்.

பைக் கிளம்பவில்லை. சாவியில் கை வைத்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு தம்பி கேட்டான்.

"கையை எடுத்துட்டியா அக்கா?"

"எடுத்துட்டேன்" என்றேன்.

அதன் பிறகுதான் சாவியைத் திருப்பினான்.