நீலத்தை முதலில் வைத்தவருக்கு

உங்கள் கறுப்புப் பையை இன்று காலை திறந்தேன். எட்டு மாதமாக யாரும் தொடாத பை. வயர் முனையில் ஜாக்கை அழுத்திப் பூட்டும் கிரிம்பிங் டூல் எடுக்கத்தான் திறந்தேன். ஜாக் போட்டுவைக்கும் டப்பாவுக்குள் உங்கள் பிரஷர் மாத்திரை ஏழு அட்டை, ஒன்றுகூடப் பிரிக்காமல். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது.

வரிசையாகவே சொல்கிறேன், வரிசை தவறினால் உங்களுக்குப் பிடிக்காதே. இன்று பத்தரைக்கு எனக்கு வேலைச் சோதனை. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலைதான். ஆனால் கம்ப்யூட்டருக்கு வயர் வழியாகத்தான் நெட் வரவேண்டும், வைஃபை கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் போன பிறகு எனக்கு வந்த ஒரே அழைப்பு. நேற்றுப் பார்த்து ஹாலில் ரூட்டர் பக்கம் எலி கேபிளைக் கடித்துவைத்தது. நெட் போடுகிற இடத்திலிருந்து வந்தவன் கடித்த பகுதியை வெட்டிப் புது ஜாக் போட்டான். கம்ப்யூட்டரில் வரவில்லையே என்றேன். தன் போனில் வைஃபையைப் பார்த்தான். "நெட்டு சூப்பரா வருதுக்கா. உங்க சிஸ்டத்துலதான் இன்னாவோ கீது, ஆளை வச்சுப் பாருங்க" என்று கிளம்பிவிட்டான். ஆளை வைக்கணுமாம்! இரும்புலியூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரை கம்ப்யூட்டர் சரிசெய்ய வீடு வீடாக ஓடிய ஆள் என் வீட்டில் படமாகத் தொங்குகிறார்.

காலையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்தேன். வயர் நுழையும் இடத்துப் பச்சை லைட் எரியவில்லை. "வாயால சொல்றதை நம்பாதே, லைட்டைப் பாரு" என்பீர்கள். ஒருமுறை நானும் உங்களோடு வந்தபோது சிட்லபாக்கத்து ரிட்டயர்டு சார் ஒருவர் "நான் எதையும் தொடலைப்பா" என்று மூன்று தடவை சொன்னார். நீங்கள் தலையை ஆட்டிக்கொண்டே மேசைக்கடியில் பிடுங்கிக் கிடந்த வயரை எடுத்துக் காட்டினீர்கள். ஸ்கூட்டரில் திரும்பும்போது, "எல்லாரும் ஒண்ணும் மாத்தலைன்னுதான் சொல்வாங்க" என்று சிரித்தீர்கள். நானும் பின்னால் உட்கார்ந்து சிரித்தேன்.

அந்த வாய்தானே எனக்கும் பதில் சொன்னது? "மாத்திரை போட்டா தலை சுத்துது, வண்டி ஓட்ட முடியல" என்றீர்கள். டாக்டரிடம் போகலாம் என்றேன். இரண்டு நாளில் "இப்ப சரியாயிடுச்சு" என்றீர்கள். நிறுத்தினால் சரியாகாமல் என்ன செய்யும்! தினமும் கேட்டேன். தினமும் "போட்டாச்சு, போட்டாச்சு". தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நீங்கள் விழுந்த அன்று, "மாத்திரை ஒழுங்கா போட்டாராம்மா?" என்று டாக்டர் கேட்டார். "ஒரு நாள் தவறல டாக்டர்" என்றேன். என்னையும் பொய்சொல்ல வைத்துவிட்டீர்களே, பாவி மனுஷா.

அட்டைகளை மேசையில் வைத்தேன். மணி ஒன்பதரை. ஹால் ஜாக்கைப் போனில் படமெடுத்து வந்து, உள்ளறையில் அதே வயரின் மறுமுனையில் நீங்கள் போட்ட ஜாக்கோடு வைத்துப் பார்த்தேன். அவனுடையதில் ஆரஞ்சுக் கம்பி முதலில். உங்களுடையதில் நீலம். ஊரே ஒரு வரிசையில் போட்டால் நீங்கள் உங்கள் இஷ்டத்துக்கு ஒரு வரிசை. நீங்கள் வயர் போட்ட அன்றே டார்ச் பிடித்துக்கொண்டு கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும். நம்ம வீட்டு வயரை வேற எவன் தொடப்போறான்?" என்றீர்கள். நீங்கள் இல்லாத ஒரு நாள் வரும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை.

நறுக்கென்று உங்கள் முனையை வெட்டினேன். கோபத்தில்தான் வெட்டினேன். கம்பி வரிசை மாறி இரண்டு ஜாக் பாழாயிற்று. மூன்றாவதில் எட்டுக் கம்பியும் ஆரஞ்சில் தொடங்கி ஒழுங்காக உட்கார்ந்தன. சொருகினேன். பச்சை எரிந்தது. பத்தரைக்குச் சோதனையில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை வேலையில் சேரச் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உங்களைத் திட்டித் தீர்த்தேன். என்னையும் சேர்த்துத்தான். இருபது வருஷம் உங்களோடு இருந்தவளுக்கு ஒரே ஒரு நாள், எங்கே அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லையே. வாயால் சொன்னதை நம்பிவிட்டேன்.

சாயங்காலம் மகள் காலேஜிலிருந்து வந்தாள். "மதியம் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா."

அவள் பையை வாங்கி டிபன் பாக்ஸைத் திறந்தேன். காலியாகத்தான் இருந்தது.

"என்னம்மா, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லடி" என்றேன். நாளைக்கும் திறந்து பார்ப்பேன்.