பலகைக்கு இடம் வேண்டி

12.6.2002, புதன்

கடையில் கூட்டமே இல்லை. ஒரு பெரியவர் துபாயில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, நாலு நிமிடமும் இங்கே அடிக்கும் வெயிலைப் பற்றியே பேசினார். அங்கே மட்டும் என்ன பனியா பெய்கிறது?

டோல்கேட்டில் லியாகத் அலி பாயின் எஸ்.டி.டி. பூத்துக்கு நான் வந்து ஏழு மாதம் ஆகிறது. பேச வந்தவர்கள் கண்ணாடிக்குள் போய்விடுகிறார்கள். பில்லைக் கிழித்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. ஒன்பதாவதோடு நின்றதற்கு வீட்டில் ஏதேதோ காரணம் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். எழுந்து நின்று பாடம் படி என்றால் எனக்குக் குரலே வராது.

16.6.2002, ஞாயிறு

விடியும்போதே கடலில் பலகை விடப் போய்விட்டோம்.

எங்கள் குப்பத்துச் சுயம்பு அண்ணனுக்குப் பைபர் படகுப் பட்டறையில் வேலை. மீன் பெட்டியின் தெர்மாகோல் மூடிகளை ஒட்டி, பட்டறையில் மிஞ்சிய பைபர் துணியைச் சுற்றி, ரெசின் பூசி, ஆள் நீளத்துக்குப் பலகை செய்து தருவார். பலகை ஆறு. நாங்கள் பதினோரு பேர். அண்ணனும், ராயபுரத்திலிருந்து வரும் அவருடைய தோஸ்து ரோஷனும் அலை மேல் நின்றுகொண்டே வருவார்கள். நான் படுத்துக்கொண்டு வருவேன். அலை பின்னாலிருந்து தூக்கித் தள்ளும்போது வயிற்றுக்குள் சிரிப்பு வரும். அப்போது என்னை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்றிருக்கும். வேறு எங்கேயும் எனக்கு அப்படி இருந்ததில்லை.

அண்ணன் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். ஒரு கோணி குப்பை பொறுக்கினால்தான் பலகையைத் தொடலாம். இன்று என் கோணியில் மருந்து டியூப், உடைந்த டியூப்லைட், பிள்ளையாரின் ஒரு கை. ரோஷன் தன் கோணியைக் கவிழ்த்துக் காட்டினான்.

“மாமு, ஆறு செருப்பு. ஆறும் லெஃப்ட்டு. ரைட் செருப்ப எவனும் தொலைக்கவே மாட்றான்.”

காலில் தார் ஒட்டிக்கொண்டு வந்தேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் குதிகாலில் போகவில்லை.

24.6.2002, திங்கள்

பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. முன்னால் வரிசையாகக் கல் லாரிகள். ஒவ்வொரு கல்லும் எங்கள் அடுப்படி அளவு.

வீட்டுக்கு வந்தால் அம்மாவின் முகமே மலர்ந்திருந்தது. “வந்துட்டான்டி கல்லுக்காரன்! இந்த ஐப்பசிக்கு நிம்மதியாத் தூங்கலாம்.” போன ஐப்பசியில் அடுப்படியின் பின்சுவரைக் கடல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து அங்கே தார்ப்பாய்தான் கட்டியிருக்கிறோம். இனிமேல் கடலைத் தடுக்கக் கரையில் கல் கொட்டப் போகிறார்கள் என்றதும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

25.6.2002, செவ்வாய்

கல் போட வேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கோடு இழுத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டோடு நிற்கவில்லை. மணலுக்குக் குறுக்கே போகிறது.

30.6.2002, ஞாயிறு

இன்று யாரும் தண்ணீரில் இறங்கவில்லை.

குப்பத்தின் கடைசி வீட்டுக்கும் இடிந்த ஐஸ் கம்பெனி சுவருக்கும் நடுவில் மட்டும்தான் மணல் மிச்சம் இருக்கிறது. மற்ற இடமெல்லாம் முன்னமே கல். கல்லில் மோதுகிற அலை திரும்பி அடிக்கும், பலகையும் உடையும், நாங்களும் உடைவோம். மணலில்தான் அலை சாய்ந்து சாய்ந்து நீளமாக ஓடும். அண்ணன் வலைக்கயிற்றைப் பிடித்து அளந்தார். அறுபது அடி. அந்த அறுபது அடியில் வீடே இல்லை. அங்கே கல் போட்டுக் காப்பாற்ற என்ன இருக்கிறது?

இதை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“உனுக்குப் பலகை பெர்சா, வூடு பெர்சா? கல்லுக்காரன் கோச்சிகினு போய்ட்டான்னா நீயா வந்து செவுரு வெப்ப?”

வலை பிரித்துக்கொண்டிருந்த நைனா தலையைத் தூக்காமலே, “எல்லாத்தையும் கல்லு போட்டு மூடிட்டா படக எங்க ஏத்துறது? உன் மடியிலயா?” என்றார். அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் சண்டை. எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் இன்னா கேட்டேன்? வூட்டுக்குப் பின்னால போட வேணாம்னா சொன்னேன்? அந்தக் கொஞ்சம் மணலை வுடுங்கன்னுதானே— அதுகூடவா தப்பு?

2.7.2002, செவ்வாய்

கடை மூடும் நேரத்துக்கு அண்ணனும் ரோஷனும் வந்தார்கள். கல் போடும் ஆபீசுக்கு மனு எழுத வேண்டுமாம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பாய்தான் சொல்லியிருக்கிறார். பேச வேண்டாம், எழுதினால் போதும் என்றால் நான் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன்.

“எழுதும்மா புஷ்பா. கல்லு வேணாம்னு நாங்க சொல்லல. வூட்டுக்குப் பின்னால நல்லா போடுங்க. ஆனா எங்க பலகைக்கு எடம் உடுங்க. இந்தாண்ட முப்பதடி, அந்தாண்ட முப்பதடி.”

அதையே நல்ல தமிழில் எழுதினேன். ‘மேற்படி இடத்தில் பலகைக்கு இடம் ஒதுக்கி, அதன் இருபுறமும் முப்பது அடிக்குக் கல் போடாமல் விடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.’ பதினோரு கையெழுத்து. பாய் படித்துவிட்டு, “பஹுத் அச்சா, ரொம்ப நல்லா கீது. படிக்கிறவன் அழுதுடுவான்” என்றார். ஜெராக்சுக்குக் காசு வாங்கவில்லை.

9.7.2002, செவ்வாய்

பதில் இல்லை. ஆபீசில் நம்பர் போட்டு வாங்கிக்கொண்டதாக அண்ணன் சொன்னார்.

17.7.2002, புதன்

நல்லவேளை, இன்று எனக்கு லீவு. காலையில் லாரி மணலுக்கே வந்துவிட்டது. ஒரு லோடு கொட்டியும் விட்டார்கள். சத்தத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாம் அதிர்ந்தது. இரண்டாவது லாரி திரும்புவதற்குள் அண்ணன் ஓடிப்போய்த் தன் பலகையை மணலில் செங்குத்தாக நட்டார். பிறகு ரோஷன் நட்டான். பிறகு எல்லோரும். ஆறாவது பலகையை நான் நட்டேன். ஆழம் போதாமல் அது மட்டும் சாய்ந்துகொண்டே நின்றது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். “இன்னாங்கடா, பலகைக் கடை போட்டுகிறீங்க?”

“மனு குடுத்துகிறோம் அண்ணாத்த. பதில் வர்ற வரிக்கும் அந்தாண்ட கொட்டேன். அங்கயும் வேலை கீதுல்ல?” என்றார் அண்ணன்.

“எனுக்கு எங்க கொட்னாலும் அதே டீசல்தான்,” என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுப் பக்கம் போய்க் கொட்டினார். அம்மாவுக்கு நான்கு நாள் முன்னதாகவே கல் வந்துவிட்டது. அதனால் என்னைத் திட்டவும் முடியவில்லை அவளால்.

5.8.2002, திங்கள்

பதில் வந்துவிட்டது! பாயின் கடை விலாசத்துக்குத்தான் வந்தது. நானே பிரித்தேன்.

‘மேற்படி இடத்தில் பலகை ஒன்று நிறுவவும், அதன் இருபுறமும் முப்பது அடிக்குக் கற்கள் இடாமல் விடவும் ஆணையிடப்படுகிறது. பலகையில் இடம்பெற வேண்டிய வாசகத்தைத் தெரிவிக்கவும்.’

சாயங்காலம் ரோஷன் என் கையிலிருந்து பிடுங்கிப் படித்துக் குதித்தான். பிறகு நின்றான். “வாசகம்னா இன்னா?”

“போர்டுல எழுதுறது,” என்றார் பாய்.

“எந்த போர்டுல?”

எனக்கு முதலில் புரிந்துவிட்டது. பலகை என்றால் எங்களுக்கு ஒன்றுதான். ஆபீசில் பலகை என்றால் தெருவில் நட்டு வைக்கிற அறிவிப்புப் பலகை. நாங்கள் போர்டு கேட்கிறோம் என்று நினைத்திருக்கிறார்கள்.

6.8.2002, செவ்வாய்

என் தப்பு. கடலில் விடுகிற பலகை என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும்.

ரோஷன் சொல்கிறான்: “கம்முனு இரு. கேட்டது கெடச்சிச்சு. அவன் தப்பாப் படிச்சா நாம இன்னா பண்றது?” சுயம்பு அண்ணனுக்கு மனது கேட்கவில்லை. “நாம பொய் சொல்லல. ஆனா தெரிஞ்சிகினே கம்முனு கீறது வேற. நாளைக்கி எவனாவது போட்டுக் குடுத்தா எல்லாத்துக்கும் சேத்து கல்லு கொட்டுவான். ஆபீசர் வரட்டும், நானே சொல்லிட்றேன்.”

சொன்னால் மணல் போய்விடுமோ?

15.8.2002, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அலை நன்றாக இருந்தது. எப்போதையும்விட அதிக நேரம் தண்ணீரில் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசியோ என்று நினைத்துக்கொண்டே.

22.8.2002, வியாழன்

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

பாயிடம் சொல்லிவிட்டு மத்தியானமே வந்துவிட்டேன். இன்ஜினியர் ஜீப்பில் வந்தார். பின்னால் ஒரு வண்டியில் இரண்டு இரும்புக் கால், நீலம் அடித்த பெரிய தகரப் பலகை. அதில் ஒரு எழுத்தும் இல்லை. குழி தோண்டி ஜல்லி கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் பக்கத்தில் போய், “சார், ஒண்ணு சொல்லணும். நாங்க கேட்ட பலகை இது இல்ல” என்றார்.

“பின்ன எது?”

அண்ணன் தன் பலகையைத் தூக்கிக் காட்டினார். இன்ஜினியர் அதைப் பார்த்தார். தகரத்தைப் பார்த்தார். பையிலிருந்து என் மனுவை எடுத்து மெதுவாகப் படித்தார். எனக்கு மணலுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

“இதை வெச்சு என்ன பண்ணுவீங்க?”

பேசிப் புரியவைக்க முடியாது என்று அண்ணன் கடலில் இறங்கிவிட்டார். நல்ல அலைக்காகக் காத்திருந்து, எழுந்து நின்று, கரை வரைக்கும் வந்தார். இன்ஜினியரின் ஷூவை நுரை நனைத்துவிட்டது. அவர் நகரவே இல்லை.

“இதுக்கா அறுபது அடி?”

அப்போது நைனா குறுக்கே வந்தார். “அதுக்கு மட்டும் இல்ல சார். இந்தப் பக்கம் பூரா படகு ஏறுற எடம் இது ஒண்ணுதான் மிச்சம். பெரியவங்க நாங்க வாய மூடிகினு இருந்தோம். பசங்கதான் மனு குடுத்தாங்க, பசங்கதான் குப்பையும் அள்றாங்க. போன வர்சம் வந்து பாத்திருந்தீங்கன்னா இங்க கால் வெக்க முடியாது, அவ்ளோ கலீஜா இருக்கும்.”

இன்ஜினியர் மனுவை மடித்துப் பையில் வைத்தார். பிறகு சிரித்துவிட்டார். “ஃபைல்ல பலகைன்னுதான் இருக்கு. நான் பலகை வெச்சிட்டேன்னு எழுதிடறேன். ஒரு தடவை போர்டு நட்டாச்சுன்னா அதை எடுக்கறதுக்குப் புதுசா ஃபைல் போடணும். அதை எவனும் போட மாட்டான்.” ஏற்கெனவே கொட்டின ஒரு லோடையும் அள்ளி வேறு பக்கம் போடச் சொன்னார்.

கிளம்பும்போது, “வாசகம் என்ன? மனு எழுதினது யாரு?” என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். குரல் வரவில்லை. வராது. அவர் பேனாவை நீட்டினார். அவர் பேப்பரிலேயே எழுதிக் கொடுத்தேன்.

படகும் பலகையும் கரையேறும் இடம்.
கல் போடக் கூடாது.

“பலகைக்கு இப்ப அர்த்தம் தெரியுது,” என்றார்.

1.9.2002, ஞாயிறு

பெயின்டர் வரவில்லை. “நீயே எழுது” என்று பிரஷைக் கொடுத்துவிட்டார்கள். மீன் பெட்டி மேல் ஏறி நின்று எழுதினேன். எல்லோரும் முதுகுக்குப் பின்னால் நின்றதால் கஷ்டம் தெரியவில்லை. இடம் கணக்குப் போடத் தெரியாமல், ‘கூடாது’வை ஓரத்தில் நெருக்கி எழுதும்படி ஆகிவிட்டது. ரோஷன், “கூடாது மட்டும் ஒல்லியா கீது, உன்ன மாதிரியே” என்கிறான். போகட்டும்.

4.9.2002, புதன்

கை முழுக்க இன்னும் வெள்ளை பெயின்ட். பில் கிழிக்கும்போது எல்லோரும் கையைப் பார்த்து என்ன என்று கேட்கிறார்கள். ஒருவரிடம் சொன்னேன்.

19.9.2002, வியாழன்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கல் போட்டு முடித்துவிட்டார்கள். அம்மா அதன் மேல் ஏறி நடந்து பார்த்தாள்.

27.10.2002, ஞாயிறு

மூன்று நாள் நல்ல மழை. கடல் கல்லில் வந்து வந்து மோதியது. அடுப்படிக்குள் ஒரு சொட்டு வரவில்லை. மணல் பக்கம் படகுகளை மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒன்றுக்கும் சேதமில்லை.

இன்று வெயில் வந்தது. நான் போய்ப் பார்த்தபோது அம்மா போர்டின் இரண்டு காலுக்கும் நடுவில் கயிறு கட்டி, வலையை விரித்து, கருவாடு காயப்போட்டிருந்தாள். மழையில் நனைந்த கோரைப்பாயையும் போர்டு மேலேயே போட்டிருந்தாள். அப்போது மிச்சக் கல்லோடு ஒரு லாரி ரோட்டை விட்டு மணலுக்கு இறங்கியது. அம்மா எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

“யோவ்! கண்ணு இல்ல? போர்டு வெச்சிகிறாங்கல்ல?”

“நீதான் பாயப் போட்டு மூடி வெச்சுகீறியே யம்மா, எப்டிப் படிக்கிறது?”

“படிக்கத் தெரியாத நானே சொல்றேன், உனுக்கு இன்னா? பின்னால போ!”

லாரி ரோடு வரைக்கும் ரிவர்ஸிலேயே போனது. அம்மா உட்கார்ந்து மறுபடி கருவாட்டைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் உட்காரப் போனேன்.

“அல அடங்கிகீது பாரு. பலகை வுடப் போறதுன்னா இப்பவே போய்ட்டு வா. வந்து ஒலை வெக்கணும்,” என்றாள்.