சத்தமில்லாத ஷட்டரைப் பற்றி அம்மா எழுதுவது

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகம். அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி ஆள் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகச் சண்டையும் போடுகிறார். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அப்படி இல்லையென்றால் முதலில் எழுந்து போய் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வந்து படி. ஃபோனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். ஃபோனில் நீ பாதியிலேயே ‘சரிம்மா, சரிம்மா’ என்று ஆரம்பித்துவிடுவாய், மீதிப் பாதியில் அப்பா பிடுங்கிக்கொள்வார். தவிர, எனக்கு வாயால் சொல்ல வராத ஒன்றும் இதில் இருக்கிறது.

உன் கடிதமும் பன்னிரண்டு படங்களும் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தன. கடிதத்தை மூன்று முறை படித்தேன். இசை அரங்கத்தில் நிரந்தரப் புகைப்பட வேலைக்கு மூன்று கச்சேரிகள் எடுத்துக் காட்டச் சொன்னார்கள் என்பதும், முதல் கச்சேரியில் உன் பழைய கேமரா ‘டபக்’ என்று போட்ட சத்தத்துக்குப் பியானோக்காரர் வாசிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்க்க உன்னை வெளியே அனுப்பினார்கள் என்பதும் போன மாதமே தெரியும். இரண்டாவது கச்சேரிக்குச் சிநேகிதியின், உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவோடு போய், சத்தமே வராத ஷட்டரில் எடுத்து, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்ற சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் வயலின் வில்லெல்லாம் அரிவாள் மாதிரி வளைந்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். மேலாளர் அதைப் பார்த்து, ‘எங்க வயலினுக்கு வில் நேராத்தாம்மா இருக்கும்’ என்றாராமே, கிண்டல்காரர்தான் போலிருக்கிறது. இன்னும் ஒரே ஒரு கச்சேரி பாக்கி, அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை, அதற்குள் எந்தக் கேமரா எந்த லென்ஸ் வாங்குவது என்று மண்டை காய்கிறது, இதுவும் சொதப்பினால் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் உட்கார்ந்துவிடுகிறேன், எனக்கு இவ்வளவுதான் வருமோ என்னமோ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரியைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டும் போல் கை துறுதுறுத்தது.

முதலில் வில் ஏன் வளைந்தது என்பதைப் பார்ப்போம். ஷட்டரைச் சத்தமில்லாமல் வைத்தால் கேமரா படத்தை ஒரே கணத்தில் மொத்தமாகப் பார்ப்பதில்லை, மேலிருந்து கீழே வரிசை வரிசையாகப் படிக்கிறது என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்தேன். இதை நான் முப்பத்தோரு வருடம் செய்திருக்கிறேனே, வருகைப் பதிவு! முதல் பெஞ்சிலிருந்து தலையை எண்ணிக்கொண்டே போவேன், நான் மூன்றாம் பெஞ்சுக்கு வருவதற்குள் முதல் பெஞ்சில் எண்ணப்பட்ட வால் ஒன்று குனிந்து ஓடி ஐந்தாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும், நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நாற்பத்தொன்று வரும். பிள்ளைகள் அசையாமல் இருந்தால் என் கணக்கு சரி, ஓடினால் தப்பு. உன் வில்லும் அப்படித்தான், மேல் வரிசையைக் கேமரா படிக்கும்போது ஓர் இடத்தில் இருந்தது, கீழ் வரிசைக்கு வருவதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது. நீயும் தப்பு செய்யவில்லை, கேமராவும் பழுது இல்லை. நீ அனுப்பியதில் இரண்டு படங்களில் கறுப்புப் பட்டை பட்டையாக விழுந்திருக்கிறதே, அதுவும் இதே கதைதான். மேடை விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாமல் விட்டு விட்டு எரிகிறது, சில வரிசைகள் வெளிச்சத்தில் எண்ணப்பட்டன, சில வரிசைகள் இருட்டில். ஒத்திகை நாளில் விளக்குப் போடுகிறவரிடம் பேசி, ஷட்டர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பட்டை மறையும் இடத்தைக் குறித்துக்கொள்.

புத்தகத்தில் படித்தது போதாது என்று வியாழக்கிழமை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் கேமரா கடைக்கே போய்விட்டேன். துணைக்கு நம் பூகோளம் வந்தாள், பள்ளியில் என் பக்கத்து நாற்காலியில் இருபது வருடம் பூகோளம் எடுத்தவள், உனக்குத் தெரியாதவளா. கடைக்காரர் நல்ல மனிதர், வாங்கப் போவதில்லை என்று முன்பே சொல்லியும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். சோதிக்க வயலின் இல்லை. பூகோளத்தின் கையில் நீளக் குடை இருந்தது, அதை இடமும் வலமும் வேகமாக ஆட்டச் சொல்லிச் சத்தமில்லாத ஷட்டரில் எடுத்தேன். குடை சாய்ந்து விழுந்தது மாதிரி வந்தது! இன்னும் வேகமா, இன்னும் வேகமா என்று நான் விரட்ட, கடைக்காரர், ‘டீச்சர், குடை மேல எனக்கு ஆட்சேபணை இல்ல, அந்தப் பக்கம் லென்ஸ் அலமாரி இருக்கு’ என்று குறுக்கே வந்து நின்றுகொண்டார். பிறகு அவரே விளக்கினார். ஒரு கேமரா வரிசைகளை மின்னல் வேகத்தில் படிக்குமாம், அதில் குடை நேராகவே வந்தது, ஆனால் விலை கேட்டதும் பூகோளம் குடையைக் கீழே வைத்துவிட்டாள். மற்றது நிதானமாகப் படிக்கும், எட்டக்கூடிய விலை, அதில் சாதாரண ஷட்டரும் உண்டு, சத்தமில்லாததும் உண்டு. சாதாரண ஷட்டரை வைத்து அமுக்கச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டேன். உள்ளே கண்ணாடி எழும்பி விழும் அந்த டபக் இல்லை, நகம் வெட்டுகிற மாதிரி ஒரு சின்னச் ‘சிக்’, அவ்வளவுதான்.

அப்போதுதான் கடைக்காரர், யாருக்கு வேண்டும், என்ன எடுக்கிறவர் என்று கேட்டார். தங்கம், இதைத்தான் வாயால் சொல்ல வராது என்று மேலே எழுதினேன். நீ ரத்தப் பரிசோதனைக் கூடத்து வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. இந்த மூன்று வருடமும் கேட்டவர்களிடமெல்லாம் நீ இன்னும் அங்கேயே இருப்பதாகத்தான் அம்மா சொல்லி வந்தேன். விளக்கம் சொல்லச் சோம்பல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மை அது இல்லை, ‘படம் எடுக்கிறா’ என்றால் ‘அப்புறம்? வேலை?’ என்று கேட்பார்களே என்ற கூச்சம். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று முப்பத்தோரு வருடம் சொன்னவள் செய்த காரியம் இது. கடைக்காரர் கேட்டதும், ‘என் பொண்ணுக்கு, அவ புகைப்படக்காரி, இசை அரங்கத்துல எடுக்கிறா’ என்று என்னை அறியாமல் வந்துவிட்டது, கொஞ்சம் சத்தமாகவே. பூகோளம் என்னை ஏற இறங்கப் பார்த்து, ‘ஏன்டி, லேப்ல இருக்கான்னுதானே சொன்ன? லேப்ல எதுக்குடி வயலின்?’ என்றாள். இல்லை, பொய் சொன்னேன் என்றேன். ‘அட பாவி, இதையா மறைச்சே? என் பையன் வீட்டுல சும்மா படுத்திருக்கான்னு நான் ஊருக்கே சொல்லிட்டேன், நீ இப்படி ஒரு பொண்ண வெச்சுக்கிட்டு மூடி மூடி வெச்சியா’ என்று கடையிலேயே என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலித்தது, ஆனால் சுகமாக இருந்தது. உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, விடைக்கு வருகிறேன். வீட்டுக்கு வந்து உன் பன்னிரண்டு படங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் எடுத்தபோது இசை எப்படி இருந்தது என்று பென்சிலால் குறித்திருக்கிறாயே, யார் சொல்லிக்கொடுத்தார்கள் இந்தப் பழக்கத்தை? நேராக வந்த படங்களை இடப்பக்கமும் வளைந்தவற்றை வலப்பக்கமும் அடுக்கித் திருப்பினேன். வளைந்த ஐந்தின் முதுகிலும் ‘வேகம், எல்லோரும் சேர்ந்து, பெரிய சத்தம்’. நேராக வந்த ஏழிலும் ‘மெதுவாக, ஒருவர் மட்டும், ஊசி விழுந்தால் கேட்கும்’. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, ‘அப்ப சத்தம் பெருசா இருக்கறப்ப சத்தம் போடற ஷட்டர வெச்சா யாருக்குடி கேக்கப் போகுது?’ என்றார். அதுதான்! வில் பறக்கும் இடத்தில் அரங்கமே அதிரும், சாதாரண ஷட்டரின் சிக் யார் காதிலும் விழாது, வில்லும் நேராக வரும். அமைதியான இடத்தில் வில் நிதானமாகப் போகும், அங்கே சத்தமில்லாத ஷட்டர். விலை கூடிய கேமரா உனக்கு வேண்டாம், எட்டக்கூடியதே போதும், இசையைக் கேட்டு நீ விரலால் மாற்றிக்கொள்ள வேண்டும். வேகமாகவும் மெல்லிய ஒலியிலும் வாசிக்கிற இடம் வந்தால் கேமராவை மடியில் வைத்துவிட்டுச் சும்மா கேள். விடை உன் கையெழுத்திலேயே இருந்தது, அதற்கு அடிக்கோடு போட்டது மட்டும்தான் எங்கள் வேலை.

லென்ஸில் ஒரு சின்னத் திருத்தம். பறவைக்கும் தெருவுக்கும் முகத்துக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நீள சூம் லென்ஸ் என்று கடிதத்தில் வாங்க வேண்டிய பட்டியலில் எழுதியிருக்கிறாய். எல்லாப் பாடத்துக்கும் ஒரே நோட்டு வைத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், கேட்ட நேரத்தில் கேட்டது கிடைக்காது. அந்த மாதிரி லென்ஸ் தூரத்தை இழுக்க இழுக்க வெளிச்சத்தைக் குறைத்து வாங்கும், உன் அரங்கமோ இருட்டு. பறவை பின்னால் ஓடுகிறவனுக்குத் தூரம்தான் முக்கியம், வெயில் அவனுக்குத் துணை. தெருவில் எடுக்கிறவருக்குச் சின்ன, அகலமான லென்ஸ் போதும், அவர் கிட்டே போகலாம். உனக்கு அரங்கத்தில் கொடுப்பது பக்கவாட்டுக் கதவோரம் ஒரு நாற்காலி, கச்சேரி முடியும்வரை அதை விட்டு எழக்கூடாது. நடக்கக்கூடியவளுக்கு ஒரே தூரத்து லென்ஸ், நடக்கக்கூடாதவளுக்கு சூம், இதை அப்படியே மனதில் வைத்துக்கொள். ஆகவே கச்சேரிக்கு 70-200 சூம், இருட்டிலும் வெளிச்சம் நிறைய வர துளை 2.8 வரை திறப்பது, புதிது வேண்டாம், ஒருவர் நன்றாக வைத்திருந்த பழையது பார். கைக்குக் கனம், ஒற்றைக்கால் ஸ்டாண்டில் நிறுத்து. ஒத்திகைக்கு உன்னிடம் இருக்கும் ஒரே தூரத்து 85 லென்ஸ் போதும், அன்று நடக்கலாம். கை நடுக்கத்தைக் கேமராவே சரிசெய்துவிடும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார், உன் கை நடுங்கினால் சரிசெய்யும், வயலின்காரர் கை ஓடினால் அது என்ன செய்யும், ஷட்டர் வேகத்தை ரொம்பவும் குறைத்துவிடாதே. பின்பக்கத் திரையை அணைத்துவிட்டுக் கண்ணை வைத்துப் பார், இருட்டில் அந்த வெளிச்சமும் ஒரு சத்தம்தான். பீப் ஒலியையும் நிறுத்து. பேட்டரி இரண்டாவது ஒன்று பையில் இருக்கட்டும், இந்த வகைக் கேமரா பேட்டரியைக் குடிக்கும் என்கிறார்கள்.

அப்பா சொல்லச் சொன்னது, கச்சேரி அன்று புதுச் செருப்பு போடாதே, கிரீச்சிடும். எனக்கு இது தோன்றவே இல்லை பார். அந்த ஸ்டூடியோ வேலையைப் பற்றி ஒன்று, அதுவும் கௌரவமான வேலைதான், விரும்பிப் போனால் போ, பயந்து போகாதே. இனி நான் யாரிடமும் அந்தப் பழைய பொய்யைச் சொல்ல முடியாதபடி பூகோளம் இப்போது தெரு முழுக்க உன் தொழிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நேற்று மருந்துக் கடைக்காரர்கூட என்னை நிறுத்தி விசாரித்தார், கால் மணி நேரம் நின்று பதில் சொல்லிவிட்டு மருந்தை வாங்காமலே வந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், தங்கம். எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உன் கூடவே இருக்கும். ஒத்திகை எந்த நாள் என்று மறக்காமல் கேட்டு வை. இந்தக் கடிதத்தை இன்றே நானே நடந்து போய்த் தபால் நிலையத்தில் போடுகிறேன், பத்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள், சனிக்கிழமைக்கு முன்னால் இது உன் கையில் இருக்க வேண்டும். அன்றைக்கு எது நடந்தாலும் அதற்குப் பிறகு பாராட்டவும் தேற்றவும் ஆட்கள் வருவார்கள். நான் என் வேலைக் காலம் முழுதும் விடைத்தாளைப் பார்க்காமல் யாருக்கும் மதிப்பெண் போட்டதில்லை. உனக்கு இப்போதே போட்டுவிட்டேன். முழுசாக.

இப்படிக்கு,
புகைப்படக்காரியின் அம்மா