கறுப்பு வண்டிக்கு எந்த வேக்ஸ்

சந்தாபுரா
வியாழக்கிழமை

சிரஞ்சீவி யுவனுக்கு அம்மா சம்பூர்ணம் ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவாறு ஒத்துப்போய்க்கொண்டிருக்கிறோம், ஆக்லாந்தில் நீயும் தீபிகாவும் குழந்தையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே மழை நின்று ஒரு வாரமாகிறது, அதற்குள் ரோடு வேலைத் தூசி கிளம்பிவிட்டது.

போன ஞாயிறு, வண்டியை விற்றுவிடலாம் அம்மா, ஆள் வந்து பார்ப்பதற்கு முன்னால் கொஞ்சம் பளபளப்பாக்கி வை என்று சொன்னாய் அல்லவா, சொன்னதைச் செய்யலாம் என்று இறங்கினேன். என் புத்தியைப் பார், மர அலமாரிக்குப் போடும் பாலிஷை எடுத்து பானெட் முழுக்கத் தேய்த்துவிட்டேன். சாயங்காலம் வரை முகம் பார்க்கலாம் போல இருந்தது, காலையில் போனால் ஊர்த்தூசி எல்லாம் ஒட்டி வண்டி மைதா மாவில் புரண்ட மாதிரி நிற்கிறது. கீழ்வீட்டு வேதநாயகி, ஏன் சம்பூர்ணம், வண்டிக்குப் பவுடர் போட்டு எந்தக் கல்யாணத்துக்கு அனுப்பறே என்று கேட்டுவிட்டு இன்னும் சிரிக்கிறாள். மூன்று முறை ஷாம்பூ போட்டுக் கழுவினேன். கறுப்பு வாங்காதே, எல்லாம் தெரியும் என்று அன்றைக்கே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன், நீ எங்கே கேட்டாய்.

நேற்று பஸ் ஏறி ஆனேக்கலில் வண்டி சாமான் கடைக்குப் போனேன். கடைக்காரர் பெயர் தியோடர், சொந்த ஊர் கே.ஜி.எஃப். தங்கவயலாம், நானும் அந்த ஊர்தான் என்றதும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். கறுப்பு வண்டிக்கு வேக்ஸ் வேண்டும் என்றேன், இரண்டு டப்பாவை எடுத்து வைத்தார். ஒன்று கறுப்புச் சாயம் கலந்தது, கீறலெல்லாம் மூடிப் புதுசாகக் காட்டும், நாலைந்து தடவை கழுவினால் கீறல் பழையபடி தெரியுமாம். இன்னொன்று எந்தக் கீறலையும் மூடாது, ஆனால் வெயிலும் மழையும் பெயிண்டைக் கெடுக்காமல் மாதக்கணக்கில் காக்குமாம். எது நல்லது என்று கேட்டேன். அது நீங்கதான் சொல்லணும், விக்கிறதுக்காம்மா, வெச்சுக்கிறதுக்கா என்று கேட்டார்.

இரண்டு டப்பாவையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன் யுவன். இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன், வண்டி இருக்கட்டும் என்று சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாய், இது நாலாவது வருஷம். அப்பா தவறிய பிறகும் சனிக்கிழமை தவறாமல் டிரைவர் டெஸ்மண்ட் வந்து எஞ்சினை ஓட்டிவைக்கிறார், நான் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்கிறேன், ஒரு சுற்று போய் வருகிறோம். மற்ற நாட்களில் டிவிக்காரி கேட்கும் கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது கண்ணு, இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. நீ வண்டியைத்தான் விற்கச் சொன்னாய், எனக்கு நீ இனி வரமாட்டாய் என்று சொன்ன மாதிரி கேட்டது.

கடையில் அவர் பதிலுக்குக் காத்திருந்தார். வெச்சுக்கிறதுக்கு என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் உனக்காக நானே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. டப்பாவை இன்னும் திறக்கவில்லை, பிரிக்காமல் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். அங்கேயே இருந்துவிடுவதாக நீங்கள் முடிவு செய்திருந்தால் சுற்றி வளைக்காமல் சொல்லு, அந்தச் சாயம் போட்ட டப்பாவை வாங்கிவந்து நானே தேய்த்துக் கொடுக்கிறேன்.

தீபிகாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்லு. குழந்தைக்குக் குளிரில் காதை மூடிவிடுங்கள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பதிலை மட்டும் காகிதத்தில் எழுது. போனில் சொன்னால், பரவாயில்லைப்பா, அதுக்கென்ன என்று நான் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன், நீயும் நம்பிவிடுவாய்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெ. சம்பூர்ணம்