மேற்கே நீட்டிய கால்

9 ஜூன் 1964, செவ்வாய்

மத்தி மலிவு. மருமகள் சைனம்பு குழம்பு வைத்தாள், உப்பு ஜாஸ்தி. என் மகன் அபுல் ஹசன் மௌத்தானதாகக் கப்பல் கம்பெனியிலிருந்து தந்தி வந்து, நாற்பதாம் ஃபாத்திஹாவும் ஓதியாகிவிட்டது. இன்னும் அவன் துணி ஒன்று கூட வீடு வந்து சேரவில்லை. அவனோடு அதே கப்பலில் இருந்த நூருல் அமீன் ஊருக்கு வந்துவிட்டானாம். நாளைக்கு இங்கே வருகிறான்.

10 ஜூன்

வந்தான். அபுலின் பெட்டியை இறக்கி வைத்தான். மொம்பாசா என்று ஒரு துறைமுகமாம். அங்கே காய்ச்சல், ஆஸ்பத்திரி, அங்கேயே அடக்கம். இவன்தான் கபுருக்குள் இறங்கி வாங்கி வைத்தவன்.

"எப்படிப்பா வெச்சே?" என்றேன். பெற்றவள் கேட்காமல் வேறு யார் கேட்பது?

"கிப்லாவப் பாத்துதாம்மா. மொகம் வடக்க, தலைமாடு கிழக்க."

"அப்ப காலு?"

கொஞ்சம் தயங்கினான். "மேற்க."

மேற்கே! மக்கா இருக்கும் திசையில்! இந்த வீட்டில் பூனை கூட அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுத்ததில்லை. அபுல் சின்னப் பிள்ளையாகத் தூக்கத்தில் புரண்டால், எழுந்து காலைத் திருப்பிப் போட்டவள் நான். நம் ஊரில் தலை வடக்கே, முகம் மேற்கே. கிப்லா என்றால் மக்காவின் திசை, மேற்கு. இதில் பேச்சு என்ன?

"அங்க கிப்லா வடக்கதாம்மா இருக்கு. அங்க எல்லாமே வேற. உச்சி வெயில்ல நெழலு தெக்க விழுது."

"குடிச்சிருந்தியாடா?" என்றேன்.

தேத்தண்ணீரை வாயில் வைக்காமல் எழுந்து போனான்.

11 ஜூன்

என் பிள்ளை அல்லாஹ்வுக்கு நேரே காலை நீட்டிக் கிடக்கிறான்.

12 ஜூன், வெள்ளி

பள்ளிவாசல் மோதினாரை வரச் சொல்லிக் கேட்டேன். "எனக்குத் தெரிஞ்சு மேற்குதான்" என்றார். போதும். தோண்டித் திருப்பி வைக்க முடியுமா என்றேன். கடலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்கு எதுவும் மறக்காது. அதுதான் கேடு. அவன் உள்ளங்கால் வரை கண்ணுக்குள் நிற்கிறது. யா அல்லாஹ், நான் என்ன செய்வேன், எங்கே போய் முட்டிக்கொள்வேன்?

15 ஜூன்

சிதம்பரம் போனேன். நூருல் அமீனுக்கு அங்கேதான் பெண் பேசியிருக்கிறது. பெண்ணின் அத்தா அப்துல் ஹக் ஜவுளிக் கடைக்காரர். கடைக்குள் ஏறி நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"கூட்டாளியக் கபுர்ல ஒழுங்கா வெக்கத் தெரியாதவன், எம் பொண்ண என்னா வெச்சிப் பாத்துக்கப் போறான்?" என்றார்.

அதைக் கேட்கத்தானே போனேன். பஸ்ஸில் புவனகிரி வரும் வரை நெஞ்சு குளிர்ந்திருந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

17 ஜூன்

சைனம்பு இன்றைக்குத்தான் பேசினாள். "அவரு மொகத்தக் கடைசியா பாத்தது அந்த ஒரு ஆளுதான் மாமி. என்ன பேசினாரு, பேரு சொல்லிக் கூப்பிட்டாரான்னு கேக்கலாம்னு இருந்தேன். வெரட்டி உட்டுட்டீங்க."

அவளுக்கென்ன, முகம் வேண்டும். எனக்குக் கால்.

21 ஜூன், ஞாயிறு

அவன் சொன்ன நிழல் பொய்யை நாலு பேருக்கு எதிரில் நிரூபிக்கலாம் என்று நினைத்தேன். கொல்லையில் உலக்கையை நட்டு உச்சிப் பொழுதுக்குக் காத்திருந்தேன். லுஹர் தொழுகைக்கு நேரம் தெரிய இந்த வயது வரைக்கும் நிழல் பார்த்தவள்தான். கிழக்கே சாய்ந்துவிட்டதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வேறு பக்கம் பார்த்ததே இல்லை.

குறுகிக் குறுகி வந்தது. நின்றது. கிணற்றுப் பக்கமாக நின்றது.

கிணறு தெற்கே.

பிடுங்கி வேறு இடத்தில் நட்டேன். அங்கேயும் தெற்கேதான். நம்ம ஊர்லயேவா? இவ்வளவு காலமாவா? நான் எங்க பாத்துக்கிட்டு இருந்தேன்?

22 ஜூன்

பேத்தி மலிகாவின் பூகோளப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். மூணாங்கிளாஸோடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். உலகத்தை இரண்டாக வகுந்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தோசை போட்ட மாதிரி படம். இது கிழக்குப் பாதியாம், அது மேற்குப் பாதியாம், அமெரிக்கா அதில். நடுவே குறுக்காக ஒரு கோடு. பூமத்திய ரேகை. கோட்டுக்கு மேலே வட பாதி, கீழே தென் பாதி.

"வெயிலு ஆறு மாசம் மேல் பாதிக்கு, ஆறு மாசம் கீழ் பாதிக்கு, நன்னி. இப்ப நம்ம தலையத் தாண்டி வடக்க போயிருக்கு. அதான் நெழலு தெக்க" என்றாள்.

"மொம்பாசா எங்க?"

எறும்பளவு எழுத்து. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே, தென் பாதியில். மக்கா மேலே, வட பாதியில். மொம்பாசாவில் விரலை வைத்து நேரே மேலே இழுத்தேன். மக்காவில்தான் போய் முட்டியது. நம்ம கடலூரிலிருந்து இழுத்தால் மேற்கே போகிறது. அங்கிருந்து வடக்கு. கிப்லா நகரவில்லை. என் பிள்ளைதான் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான்.

சரியாகத்தான் வைத்திருக்கிறான். இறங்கி, கையில் வாங்கி, சரியாகத்தான் வைத்திருக்கிறான்.

அழுதேன். குறுக்கே வகுந்தால் நானும் அபுலும் வேறு வேறு பாதி. மேலிருந்து கீழே வகுந்தால் ஒரே பாதி. அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

24 ஜூன்

மறுபடியும் சிதம்பரம். புத்தகத்தையே கொண்டுபோய் விரித்துக் காட்டினேன். அப்துல் ஹக் கண்ணாடியைக் கூடப் போடவில்லை.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்றீங்க. பொண்ணுக்கு வேற எடம் முடிஞ்சிடிச்சி. படத்த எடுத்துக்கிட்டுப் போங்க."

நான் கெடுத்துச் சொன்னபோது ஒரு கேள்வி கேட்காமல் நம்பிய மனுஷன், நல்லதைச் சொல்ல வந்தால் நம்பமாட்டாராம். உட்காரச் சொல்லவுமில்லை. இதை மறக்க மாட்டேன்.

ஆனாலும் வழியெல்லாம் அந்த ஆள் முகம் வரவில்லை. குடிக்காமல் வைத்துவிட்டுப் போன அந்தத் தேத்தண்ணீர்தான் வந்தது.

25 ஜூன்

தொழுதேன். துஆ கேட்க வாய் வரவில்லை.

2 ஜூலை

நூருல் அமீன் பம்பாய்க்குப் புறப்படுகிறான். திரும்பவும் அதே கப்பல், அதே மொம்பாசா. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்கு சைனம்புவைக் கூட்டிக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் பெட்டியை எடுத்தான், கீழே வைத்தான். "வாங்கம்மா" என்றான். நிக்காஹ் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

சைனம்பு ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டாள். அவன் சொன்னதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன என்று நான் கேட்கவில்லை. அது அவளுடையது.

ரயில் வந்ததும் பொட்டலத்தை நீட்டினேன். "மருதாணி வெதை. கபுர்ல போடு."

"அங்க ஊரு பூரா மருதாணிதாம்மா" என்று சிரித்துவிட்டான்.

"அது அவங்களுது. இது நம்ம கொல்லையில காய்ச்சது. தலைமாட்டுல போடு."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். ஏதோ சொல்ல வந்து, பயந்தாற்போல் நிறுத்தினான்.

"கிழக்க," என்றேன். "தலைமாடு கிழக்க. தெரியும், ஏறு."