மனிதர் தின்னாத பிஸ்கட்

12 மார்ச், திங்கள்

விடியுமுன் தூறல். ஆனாலும் பெரட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்பினார்கள். ஆறு மணிக்குக் கேட்டில் நின்றேன். ஆண்களைச் சோதிக்கப் போலீஸ்காரன், பெண்களைச் சோதிக்க நான். மடி, கொண்டை, வாளி, சும்மாடு எல்லாம் தடவிப் பார்க்க வேண்டும். லயத்து வீடுகளைச் சுற்றிய முள்வேலிக்கு வெளியே ஒரு பருக்கை சோறு போகக்கூடாது. போனால் காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளின் வயிற்றுக்குப் போய்விடுமாம். அதனால் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்களுக்கு மரத்தடியில் காலைப் பசியாறை கிடையாது. இருட்டில் குடித்த கடுங்காப்பி பகல் ஒரு மணி வரை தாங்க வேண்டும்.

தங்கச்சி தெரசா மரத்தடியில் மயங்கி விழுந்தாள். ஏழு மாதம். போன வருஷம் ஒன்று தங்கவில்லை. காலையில் அவள் மடியில் அவித்த மரவள்ளித் துண்டு இருந்தது. என் கைக்குத் தெரிந்தது, போ என்று தள்ளிவிட்டேன். பின்னால் நின்ற போலீஸ் சார்ஜன் பிடுங்கிச் சேற்றில் போட்டான். லயத்து நாய் ஒன்று தின்றது.

நாய்க்கு உண்டு, அவளுக்கு இல்லை.

கெர்லிங் டவுனுக்குப் போனால் வாங்க: கடுகு, சீரகம், விளக்குத் திரி.

13 மார்ச், செவ்வாய்

வெயில். கொசு.

தெரசா புருஷன் சவரிக்குப் பங்களா குசினியில் சமையல் வேலை. தோட்டத்துப் பெரிய துரையின் நாய் சீசருக்கு டின்னில் பிஸ்கட் வருகிறது. டின்னின் அடியில் கிடந்த உடைசலை நேற்று ராத்திரி துண்டில் முடிந்து கொண்டுவந்தார். சோதனையில் ஒருவரும் இதைச் சாப்பாடு என்று நினைக்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

முதலில் நான் தின்று பார்த்தேன். கல். பல்லே ஆடிப்போனது. காப்பியில் போட்டால் இளகுகிறது. உப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. சாக்கு வாசம். கடைசியில் நாக்கில் ஏதோ நறநற. ஆனால் வயிற்றில் நின்றது. மத்தியானம் வரை பசி தெரியவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசரிடம் மனிதர் இதைத் தின்னலாமா என்று கேட்டேன். சிரித்தார். மாவும் எலும்புத் தூளும் கழிவு இறைச்சியும் தானாம். நல்ல டின்னாக இருந்தால் ஒன்றிரண்டு தின்பதால் யாரும் சாகப் போவதில்லையாம். ஆனால் நாய்க்கென்று செய்ததில் சுத்தத்தை யார் பார்த்தார்கள், பூசணம் பிடித்தால் தொடவே கூடாது, அதை நம்பி உடம்பை வளர்க்க முடியாது என்றார். யாருக்கு என்று கேட்டார். நாய்க்கு என்றேன். நம்பவில்லை. பேசாமல் தெரசாவுக்கு இரும்புச் சத்து மருந்து ஒரு போத்தல் கொடுத்தனுப்பினார்.

பக்கத்து வீட்டு முனியம்மாக்கா மாட்டெலும்பு இருக்கும் என்று கையால்கூடத் தொடவில்லை. தெரசாவை மட்டும் சீண்டினார். "அடியே, புள்ள பொறந்து நாயாட்டம் கொலைக்கப் போவுது."

தெரசா சிரித்துக்கொண்டே சொன்னாள்: "கொலைக்கட்டும்க்கா. உசுரோட பொறந்தா போதும்."



14 மார்ச், புதன்

தெரசா மடியில் இரண்டு. தடவினேன். "போ."

மயக்கம் இல்லை. வாளியில் பால் நிறைய. முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம்.

15 மார்ச், வியாழன்

எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

காலையில் போலீஸ் துரை தானே கேட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளைக்காரர், சின்ன வயசு. தெரசா மடியிலிருந்து பிஸ்கட் கீழே விழுந்தது. அவளைக் காவல் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். கோலக்குபு போலீஸ் லாக்கப்புக்குக் கொண்டுபோக லோரி வந்து நின்றது. அந்த வயிற்றோடு லோரியில் குலுங்கிப் போய் சிமெண்டுத் தரையில் படுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி ஒன்றுதான். இதை மனிதர் தின்னலாமா? தின்னலாம் என்றால் இது சாப்பாடு. சாப்பாட்டை வெளியே கொண்டுபோனவளுக்கு லாக்கப்.

பெரிய துரை காரில் வந்தார். முன் சீட்டில் சீசர், அதன் காலடியில் பிஸ்கட் டின். இரண்டு துரையும் இங்கிலீஷில் சண்டை பிடித்துக்கொண்டார்கள். பின்னால் நின்ற ஆபீஸ் கணக்குக் கிராணி எனக்கு மெதுவாகச் சொன்னார். இது சாப்பாடு என்றால் பங்களாவில் இருக்கும் டின்னெல்லாம் எண்ணிப் பூட்ட வேண்டும், காரில் ஒன்றுகூடப் போகக்கூடாது என்கிறார் போலீஸ் துரை. பெரிய துரை முகம் சிவந்துபோனது. நாய் பிஸ்கட்டை எந்த மனிதன் தின்பான், கூலியாள்கூடத் தின்னமாட்டான் என்று கத்தினார்.

போலீஸ் துரை என் பக்கம் திரும்பினார். கிராணி கேள்வியைத் தமிழில் கேட்டார்.

"நாய் திங்கிறத மனுசன் திம்பானா, தொரெ? கூட வர்ற லயத்து நாய்க்குக் கொண்டு போறா" என்றேன்.

அப்போது என் வயிற்றுக்குள் ஒன்றரை பிஸ்கட் இருந்தது.

பெரிய துரை கேட்டிலேயே நின்று உத்தரவு போட்டார். நாய் பிஸ்கட் சாப்பாடு அல்ல. யாரும் தடுக்கக்கூடாது. தெரசாவை விட்டார்கள். லோரி காலியாகத் திரும்பியது.

பொய் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் சொல்லிப் பாவமன்னிப்புக் கேட்கப் போவதில்லை. ஆண்டவருக்குப் பசி என்றால் என்னவென்று தெரியும்.

16 மார்ச், வெள்ளி

பேய் மழை. வேலை இல்லை. கூரை இரண்டு இடத்தில் ஒழுகல்.

பங்களாவில் டின்னைப் பூட்டிவிட்டார்கள். சாவி துரைசானி இடுப்பில். சவரி வெறுங்கையோடு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். நாளைக்கு மறுபடி வெறும் வயிறா?

மத்தியானம் அரிசி பொறுக்கும்போது பளிச்சென்று பட்டது. உத்தரவு நாய் பிஸ்கட்டைத்தானே சொல்கிறது? எந்த டின், எந்த ஊர் என்று சொல்லவில்லையே.

ரேஷன் கோதுமை மாவு, உப்பு, வெங்காயம், சீரகம். கெட்டியாகப் பிசைந்து சதுரமாகத் தட்டி, ஈர்க்குச்சியால் துளை போட்டு, தோசைக்கல்லில் விறைக்கும் வரை வாட்டினேன். மிச்சம் இருந்த சீசர் பிஸ்கட் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அண்ணன் தம்பி.

முனியம்மாக்கா வந்து மாவில் பச்சை மிளகாயை அரிந்து போட்டார். நாய்க்குக் காரம் ஆகாதே என்றேன்.

"எங்க வூட்டு நாய் திங்கும்" என்றார்.

17 மார்ச், சனி

தெரசா இரண்டு, முனியம்மாக்கா மூன்று. கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார்கள். போலீஸ்காரன் மோந்து பார்த்தான். நாய் பிஸ்கட் என்றேன். தோளைக் குலுக்கினான்.

பயம் இருக்கிறது. ஆனால் நன்றாகத் தூங்கினேன்.

18 மார்ச், ஞாயிறு

பூசை இல்லை. பாதிரியாருக்கு உள்ளே வரப் பாஸ் கிடைக்கவில்லையாம். தலைக்குக் குளித்தேன். தெரசாவுக்குக் கால் வீக்கம் குறைவு.

சாயங்காலம் லயம் முழுக்க ஒரே வாசம். எல்லா அடுப்பிலும் நாய் பிஸ்கட். நாயே வளர்க்காத வீட்டிலும்.

19 மார்ச், திங்கள்

மழை இல்லை. மூட்டம்.

போலீஸ் துரைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் போகும்முன்பே கேட்டில் நின்றார். பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் சதுரம் சதுரமாக. ஒருத்திகூட மறைக்கவில்லை. நானும் தடவித் தடவி அனுப்பினேன்.

தெரசாவை நிறுத்தினார். ஒன்றை வாங்கி உடைத்தார். உள்ளே வெங்காயம், மிளகாய். என்னைப் பார்த்தார். இது சாப்பாடு என்று சொல், இல்லையென்றால் வேலை போய்விடும் என்று கிராணி மூலம் சொன்னார்.

நாய் பிஸ்கட் என்றேன். மனிதர் தின்னமாட்டார்கள், பெரிய துரை உத்தரவு என்றேன்.

அதற்குள் பெரிய துரை கார் வந்து ஹார்ன் அடித்தது. போலீஸ் துரை அந்தப் பாதியைச் சீசரிடம் நீட்டினார். சீசர் மோந்தது, தும்மியது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. பார்த்தாயா, நாய்கூடத் தின்னவில்லை என்றார் போலீஸ் துரை.

தெரசா ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"அது பங்களா நாய், தொரெ. எங்க நாய்க்குப் பசி. எது குடுத்தாலும் திங்கும்."

கிராணி அதை இங்கிலீஷில் சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். போலீஸ் துரை காதுவரை சிவந்துபோனார். பெரிய துரை எங்களைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார். வெயில் ஏறினால் பால் குறையும், ஆட்களை விடு என்றார். உத்தரவை மாற்றவில்லை. மாற்றினால் சீசர் டின்னும் சாப்பாட்டுக் கணக்கில் போய்விடுமே.

மிச்சப் பாதியைத் தெரசா கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். வரிசை முழுக்கப் போனது.

எனக்கு வேலை போயிற்று. சோதனை வேலைக்குத் தந்த கைப்பட்டையைக் கழற்றி சார்ஜன் கையில் கொடுத்தேன். வருத்தமா என்று சவரி கேட்டார். இல்லை. சொந்த ஜனத்தின் மடியைத் தடவும் வேலை, தொலையட்டும்.

வேலை பங்கிடும் மண்டோரிடம் பேசியாயிற்று. நாளை முதல் மரம் வெட்டுகிறேன். தெரசாவுக்குப் பக்கத்து மர நிரை. கத்தி தீட்டியாயிற்று. வாளியை மட்டும் முனியம்மாக்காவிடம் இரவல் கேட்க வேண்டும்.

காலையில் என்னைத் தடவப் போகிறவள் யாரோ. தடவட்டும். மடியில் நாய் பிஸ்கட் இருக்கும்.